பேட்டரிக்குக் காட்டிய கற்பூரம்

ஆயுத பூஜை அன்று காலையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் கூமுட்டை நாற்றம் அடித்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

நாங்கள் என் தம்பி மனைவி மைதிலியைச் சந்தேகப்பட்டோம். நாங்கள் ஒன்றும் முட்டையைத் தொடாத குடும்பம் இல்லை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் ஆம்லெட் வாசனைதான். ஆனால் பூஜை நாளிலா? கூடத்தைக் கழுவி, கோலம் போட்டு, பொரி கடலை எல்லாம் வாங்கி வைத்த பிறகா?

“நான் எங்க அண்ணி முட்டையத் தொட்டேன்? இந்த வாரம் வாங்கவே இல்ல!” என்று அவள் கண் கலங்கிவிட்டாள்.

அடுத்து செத்த எலியைச் சந்தேகப்பட்டோம். அதற்கடுத்து பக்கத்து வீட்டுச் சாக்கடையை. கடைசியில் என் தம்பி சேகர் ஒரு கட்டு ஊதுபத்தியைப் பிரித்துக் கொளுத்தி மூலைக்கு மூலை செருகி வைத்தான். நாற்றம் அமுங்கிவிட்டது. எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த ஊதுபத்தியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. நடந்து முடிந்து பத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போதுகூட உள்ளங்கை வியர்த்து பேனா வழுக்குகிறது.

நான் பயந்தாங்கொள்ளி. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை. கேஸ் சிலிண்டரைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். ‘உங்களுக்குப் பயப்படுவதுதான் முழுநேர வேலையா?’ என்று கொரட்டூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம் அம்மா. சமையல் எல்லாம் நடுநடுவே கிடைக்கும் நேரத்தில்தான்!

விஷயத்துக்கு வருகிறேன்.

அம்பத்தூரில் எங்கள் வீடு. மாடியில் நானும் வீட்டுக்காரரும். கீழே தம்பி குடும்பம். சேகருக்கு எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையில் வேலை. மைதிலிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவர்களுக்கு ஒரே பெண், பவித்ரா. இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு. அவள் கீழே தும்மினால் நான் மாடியிலிருந்து இறங்கி வருவேன்.

போன கோடை விடுமுறைக்கு மைதிலியின் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது பவித்ராவுக்கு ஒரு ஜீப் கொண்டுவந்தார். குழந்தை உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ஜீப். சிவப்பு நிறம். ஸ்டீரிங், ஹாரன், மிதித்தால் ஓடுகிற பெடல், எல்லாம் உண்டு. எங்கள் தெருவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு சைக்கிள்தான் வாகனம். இவள் மட்டும் ஜீப்பில் தெருக்கோடி வரை போய் ஹாரன் அடித்து யு-டர்ன் எடுத்து வருவாள். பெருமையாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

பயம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பிளக்கில்.

அந்த ஊர் சார்ஜருக்குச் சதுரமாக மூன்று பின். நம் ஊர் பிளக் பாயிண்டில் ஓட்டை வட்டம். என்ன செய்யலாம்? கடையில் அதற்கென்று ஒரு மாற்று பிளக் கிடைக்கும். ஆனால் சேகர் கத்தரிக்கோலை எடுத்தான். பிளக்கை வெட்டிப் போட்டான். ஒயரின் தோலைப் பல்லால் உரித்தான். இரண்டு கம்பிகளையும் ஓட்டைகளில் நுழைத்து, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சி செருகினான்!

“டேய், பாப்பா கை எட்டுற உயரம்டா அது!”

“இன்னாக்கா நீ... எஸ்டேட்ல பாதி மிஷினு தீக்குச்சிலதான் ஓடுது. பொம்ம காருக்குப் போயி இப்பிடி பயந்துகினு கீற!”

என் வீட்டுக்காரர் அங்கேயே நின்று சிரித்தார். “உங்கக்கா தூங்கும்போதும் பயந்துக்கிட்டேதான் தூங்குவா மச்சான். நீ உன் வேலையப் பாரு.”

சார்ஜர் அதிக நாள் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கரண்ட் போய், திரும்பி வரும்போது ஒரு துள்ளு துள்ளியது. டியூப் லைட் பளீரென்று எரிந்து மங்கியது. சார்ஜரிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. அத்தோடு அது முடிந்தது.

ஜீப்பை மாடிப்படிக்குக் கீழே தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார்கள். பவித்ரா நாலு நாள் அழுதாள். பிறகு மறந்துவிட்டாள். ஓட்டாவிட்டாலும் மாதம் ஒரு தடவையாவது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க வேண்டும், சும்மா போட்டால் அது உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும்... இதெல்லாம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டி ஓடவில்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது என்றுதானே நினைப்போம்?

ஆயுத பூஜை நெருங்கியது. அம்பத்தூர்ப் பக்கம் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைத் தூக்கிச் சாப்பிடும். எஸ்டேட்டில் லேத்துக்கும் டிரில்லுக்கும் மாலை. தெருவில் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் வாழைக்கன்று. பவித்ரா சும்மா இருப்பாளா? “என் ஜீப்புக்கு?” என்று ஒரே கேள்வி. அப்பன்காரன் உருகிவிட்டான்.

முதல் நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தான். பட்டறை வேனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி. ஜீப்பைக் கூடத்துக்குத் தள்ளி வந்தான். முன்மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல் அளவில் ஒரு கறுப்பு பேட்டரி. அதன் இரண்டு முனைகளிலும் பெட்டியின் கிளிப்பை மாட்டினான்.

“அது வேனோட சார்ஜராச்சேடா. இதுக்கு ஆகுமா?”

“கரண்டு கரண்டுதான்க்கா. சொம்புல ஊத்துறத கொடத்துல ஊத்துனா சீக்கிரம் ரொம்பும், அவ்ளோதான்.”

குடத்தால் ஊற்றினால் வழியாதா என்று கேட்டேன். அதற்குள் அவன் மாவிலை வாங்கப் போய்விட்டான். கிளிப் மாட்டியபடியே விடிய விடிய இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்த நாற்றம். ஊதுபத்தி கொளுத்திய பிறகு நான் ஜீப் பக்கம் போனேன். ஏன் போனேன்? பயம்தான், வேறென்ன. பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரிச் சுட்டது. பக்கவாட்டில் உப்பியிருந்தது. காதைக் கிட்டே வைத்தால் உள்ளே ‘உஸ்’ என்று ஒரு சத்தம்.

“சேகர், இது கொதிக்குதுடா.”

“ஏறிகினு கீது இல்ல, சூடாத்தான் இருக்கும். சாமி கும்ட்டவொடனே பாப்பா ஒரு ரவுண்டு ஓட்டணும். அதுவரிக்கும் ஏறட்டும் வுடு.”

பூஜை ஆரம்பித்தது. காற்றில் விளக்கு அணையக் கூடாது, இல்லையா? ஜன்னல்களைச் சாத்தினோம். ஃபேனை நிறுத்தினோம். வாசல் கதவையும் ஒருக்களித்து வைத்தோம். கூடத்தின் நடுவில் ஜீப். அதைச் சுற்றி சேகரின் ஸ்பேனர்கள், மைதிலியின் தையல் மிஷின், என் பேனா. ஜீப்பின் கழுத்தில் சாமந்தி மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்மூடியைத் திறந்து வைத்து, பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான் சேகர். “இதுதானே இன்ஜினு!” என்றான். கிளிப்பைக் கழற்றவில்லை.

ஜீப்புக்குள் பவித்ரா. மாமன் வாங்கி வந்த நைலான் கவுன். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயில் தேரில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தாள். மைதிலி பன்னீர் தெளித்தாள். குழந்தை முகமெல்லாம் ஈரம்.

சேகர் தட்டில் பெரிய பெரிய கட்டியாகச் சூடத்தை வைத்து ஏற்றினான். என் வீட்டுக்காரர் மணி அடித்தார். சாமி படத்துக்குக் காட்டினான். தையல் மிஷினுக்குக் காட்டினான். பிறகு ஜீப் பக்கம் திரும்பினான்.

பேட்டரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பயந்தது அந்த நைலான் கவுனுக்குத்தான். நெருப்பு... நைலான்... குழந்தை. அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது.

“பாப்பா, எறங்கிடு. அத்தைகிட்ட வா.”

“மாட்டேன். நான் டிரைவர்!”

“அக்கா, நல்ல நேரத்துல ஆரம்பிக்காதக்கா...”

“ஒரே நிமிஷம்டா. காட்டிட்டு மறுபடி உக்கார வச்சுக்கோ.”

கேட்டுக்கொண்டா நின்றேன்? இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினேன். அவள் உதைத்தாள். என் கன்னத்தைப் பிறாண்டினாள். இடுப்பில் அழுத்திக்கொண்டு, ஜீப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

எனக்குப் பின்னால் சேகர் குனிந்து தட்டைப் பேட்டரிக்குக் காட்டினான்.

டமார்!

சத்தம் காதில் விழவில்லை. மார்பில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. தட்டு தரையில் சுழல்வது தெரிகிறது, அதற்குச் சத்தமில்லை. சூடக் கட்டிகள் அங்கங்கே சிதறி எரிகின்றன. என் வீட்டுக்காரர் அவற்றை மிதித்து அணைக்கிறார். சாமந்திப் பூ கூரையிலிருந்து உதிர்கிறது. சேகர் சுவரில் சாய்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஜீப்பின் முன்மூடி ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறது.

பவித்ரா அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கண்ணை இறுக மூடியிருந்தாள். கன்னத்தில் ஈரம், இமையில் ஈரம்.

பன்னீரா? ஆசிட்டா?

நீங்களே சொல்லுங்கள், பார்த்தால் தெரியுமா? இரண்டும் தண்ணீர் மாதிரித்தானே இருக்கிறது? என் விரலால் துடைக்கப் போனேன். என் விரலில் என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். அதெல்லாம் விளையாட்டு. அந்த நிமிடத்தில் என் கை குழந்தையின் கண்ணுக்கு எதிரே போய் அந்தரத்தில் நின்றது.

“தொடாதீங்க அண்ணி! தேய்க்காதீங்க! தண்ணி... தண்ணி ஊத்துங்க!” என்று மைதிலி அலறினாள்.

குளியலறையில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த டிரம்மைத் தாலிக்கு அடுத்தபடியாகக் காப்போம். குழந்தையைக் குனியவைத்து மைதிலி மொண்டு மொண்டு ஊற்றினாள். முகத்தில், கண்ணில், தலையில். என் முதுகிலும் ஊற்றினாள். சேகரை இழுத்து வந்து அவன் கையிலும் காலிலும் ஊற்றினாள். டிரம்மின் அடி தெரிகிற வரை ஊற்றினாள்.

“குளுருது அத்த...” என்று பவித்ரா கண்ணைத் திறந்தாள்.

நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் குரல். “இன்னா சேகரு, தீபாவளி வெடிய இப்பவே ஆரம்பிச்சிட்டியா?”

ஆட்டோ பிடித்து கண் டாக்டரிடம் ஓடினோம். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். உடனே நிறையத் தண்ணீர் விட்டது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். சேகரின் முழங்கையில் ஒரு தீக்காயம், அவ்வளவுதான். மூடி பறந்த உயரத்தில் அவள் முகம் இருந்திருக்கும் என்பதை ஆட்டோவில் நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மைதிலி வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “எனக்குத் தெரியும் அண்ணி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்...”

அவளுடைய எக்ஸ்சேஞ்சில் ஒரு பேட்டரி அறை உண்டாம். அறை நிறைய ஆள் உயர அடுக்கில் பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது அவற்றிலிருந்து ஒரு வாயு வருமாம். அதற்கு நெருப்பென்றால் கொள்ளை ஆசை. அதனால் இருபத்துநாலு மணி நேரமும் அங்கே காற்றாடி ஓடும். தீக்குச்சி, பீடி எதுவும் கிட்டே போகக் கூடாது. ஆயுத பூஜைக்குக்கூட அந்த அறைக்கு மட்டும் கதவுக்கு வெளியே நின்றுதான் சூடம் காட்டுவார்களாம்.

“வருஷா வருஷம் நான்தான் தட்டு எடுத்துட்டுப் போவேன் அண்ணி. வெளியவே நின்னு காட்டிட்டு வந்துருவேன். அது பெரிய பேட்டரி. இது பொம்மதானேன்னு...”

இந்த இடத்தில்தான் நான் யோசித்தேன். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியைப் பார்த்துப் பயப்படத் தெரிந்த பெண். வேன் பேட்டரியைக் கழற்றும்போது கைக்கு ரப்பர் உறை மாட்டுகிற தம்பி. இருவரும் கூடத்தில் ஏமாந்தது எதனால்? சிவப்புப் பெயிண்ட் அடித்து, பொம்மை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குப் பயம் விட்டுப்போகிறது. ஆனால் உள்ளே இருக்கிற ஆசிட்டுக்குத் தான் பொம்மைக்குள் இருப்பது தெரியுமா என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று கட்டியிருந்த புடவையைத் துவைத்து உலர்த்தும்போது வெயிலில் பார்த்தேன். முதுகுப் பக்கம் சல்லடை. பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். மற்ற நாளில் நல்ல புடவை போச்சே என்று ஒரு பாட்டம் அழுதிருப்பேன். அன்று அந்த ஓட்டைகளில் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு மாடியில் வெகுநேரம் நின்றேன். அந்தப் புடவையைத் தூக்கிப் போடவில்லை.

சரி, வெடித்த பேட்டரியை என்ன செய்வது?

மைதிலி சமையல் சோடா டப்பாவைக் கவிழ்த்துத் தரையில் கொட்டியிருந்த ஆசிட் மேல் தூவினாள். அது நுரைத்து நுரைத்து அடங்கியது. உடைந்த பேட்டரியை பிளாஸ்டிக் பக்கெட்டில் நிமிர்த்தி வைத்தோம். சேகர் சாதாரணமாகச் சொன்னான். “ஏரில கடாசிட்டு வந்துடுறேன்க்கா.”

ஏரியிலா? அந்த ஏரி ஓரத்தில்தான் ஆடு மாடு தண்ணீர் குடிக்கிறது. அந்த ஏரி ஊறித்தான் எங்கள் தெருக் கிணறுகளில் தண்ணீர்.

“அப்ப பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுரு” என்றார் வீட்டுக்காரர். ஒருமுறை ரயில்வே கேட்டுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். பேட்டரியைச் சுத்தியலால் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்து, உள்ளே இருக்கிற ஈயத்தை வாணலியில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைக்குள் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. நம் வீட்டுப் பயத்தை எடுத்துப்போய் இன்னொரு வீட்டுக் குழந்தையின் தலையில் கொட்டுவதா? முடியவே முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கொண்டுபோனால் யார் மடியிலாவது சாயும் என்று பயம். பட்டறை வேனைக் கேட்டு வாங்கி, பக்கெட்டை என் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம். அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கிற கரீம் பாய் சேகருக்குப் பழக்கம். பழையதை வாங்கிக்கொண்டார்.

“இப்டி எட்த்துகினு வந்தீங்களே, நல்லதுமா. பாதிப் பேரு குப்பத்தொட்டில போட்டுடறாங்க. நாங்க சேத்து வச்சு கம்பெனிக்கே திருப்பி அனுப்பிருவோம்” என்றார்.

அதே அளவில் புது பேட்டரியும், அதற்கென்றே உள்ள சார்ஜரும் வாங்கினோம். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். பவித்ராவின் முகத்தைப் பார்த்து என் வாயே என்னைக் கைவிட்டுவிட்டது.

இப்போது சார்ஜ் போடுவது கூடத்தில் இல்லை, வெளி வராந்தாவில். ஜன்னல் திறந்திருக்கும். மேலே போர்வை கிடையாது. முன்மூடி திறந்திருக்கும். ஓடி முடித்ததும் பேட்டரி ஆறிய பிறகுதான் ஒயர் மாட்டுவது. முழுக்கச் செத்துப்போகும் வரை ஓட்டுவதில்லை. அது ஏறி முடிகிற நேரத்துக்கு அலாரம் வைத்து எடுத்துவிடுவது, மாட்டிவிட்டு ஊருக்குப் போவது இல்லை. முதலில் சுவர் சுவிட்சை அணைப்பது, பிறகுதான் ஒயரைப் பிடுங்குவது. பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஓட்டுகிற கெட்டிக்காரத்தனம் இல்லை. தீக்குச்சிக்கு அடுப்படியில் மட்டும்தான் வேலை. குழந்தை பிளக் பக்கம் வரவே கூடாது. சூடு, உப்பல், கூமுட்டை நாற்றம், இதில் எது தெரிந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டியதுதான். ஊதுபத்தி கொளுத்தக் கூடாது!

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து யாராவது இப்படி ஒரு வண்டி கொண்டுவந்திருக்கலாம். படிக்கட்டுக்குக் கீழே போர்வை மூடிக் கிடக்கலாம். இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டு போய்த் தொட்டுப் பாருங்களேன்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. தெருவில் எங்கே பட்டாசு வெடித்தாலும் என் கை தானாகப் பவித்ரா இருக்கும் பக்கம் நீள்கிறது. அவளும் அப்படித்தான். யார் சூடம் ஏற்றினாலும், எதில் உட்கார்ந்திருந்தாலும் இறங்கி வந்து என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே வராந்தாவில் சேகர் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாட்டவில்லை. நின்றுகொண்டே இருந்தான். பிறகு அண்ணாந்து கூப்பிட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

“அக்கா... சார்ஜ் போடப் போறேன். கொஞ்சம் கீழ வந்து பயந்துட்டுப் போயேன்!”